பூட்டிய செல்லுக்குள் பொன் இழை!

எட்டு போல்ட்டும் கழன்றுவிட்டன. திண்ணையில் விரித்த செய்தித்தாளின் மேல் ஒரு ஃபியூல் செல் தன் பாகங்களையெல்லாம் பரப்பிக்கொண்டு கிடக்கிறது. ஊர் திருக்காட்டுப்பள்ளி, காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து போகிற இடம். பொழுது ஆடிப்பெருக்குக்கு முந்திய மாலை. தெருவெல்லாம் மறுநாள் ஆற்றங்கரைக்குப் போவது பற்றியே பேச்சு. நாங்கள் மூன்று பேர் மட்டும், ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு மின்சாரம் தருகிற ஒரு கருவியின் வயிற்றைத் திறந்து வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கை பரபரவென்றிருக்கிறது!

கருவியைக் கொண்டுவந்தவர் இந்த ஊர்ப்பிள்ளை. சென்னையில் ஃபியூல் செல் ஆராய்ச்சி மாணவர். சோதனையெல்லாம் முடிந்து, ஆயுளும் முடிந்து, அலமாரியில் ஒதுங்கிக் கிடந்த செல் ஒன்றை வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "படத்தக் காட்டி என்னண்ணே சொல்றது? பிரிச்சே காட்டிடுறேன்" என்றார். அவருடைய அப்பா வயலிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

மேலே தடித்த அலுமினியத் தகடு. இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை, அதைத் தள்ளிவைத்துவிடலாம். அடுத்து, தங்க முலாம் பூசிய செப்புத் தகடு. மின்சாரம் வெளியே வருகிற வாசல். அதற்கும் கீழே கன்னங்கரேலென்று கிராஃபைட் தகடு. தொட்டால் விரலில் பென்சில் கரி ஒட்டுகிறது. அதன் முகத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, வளைந்து, திரும்பி, மறுபடியும் வளைந்து, எதிர் மூலையில் போய் முடிகிறது. ஹைட்ரஜன் ஓடுகிற வழி அது. இதேபோல் இன்னொரு தகடு மறுபுறத்தில். அதில் காற்று ஓடும். இந்த இரண்டு தகடுகளுக்கும் நடுவே, அரை மில்லிமீட்டர் கனத்துக்குள், மொத்த வித்தையும் அடங்கியிருக்கிறது. கரி இழையால் ஆன தாள், பிளாட்டினத் துகள் கலந்த கறுப்புப் பூச்சு, நடுவில் ஒரு சவ்வு, மறுபடியும் பூச்சு, மறுபடியும் தாள். உள்ளங்கையில் அடங்குகிற, ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் சதுரம்!

ஹைட்ரஜன் பிளாட்டினத்தைத் தொட்டதும் எலெக்ட்ரான் தனியாக, புரோட்டான் தனியாகப் பிரிந்துவிடும். புரோட்டானுக்கு மட்டும் சவ்வு வழிவிடும். எலெக்ட்ரான் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுகரைக்குப் போக வேண்டும். அப்படிச் சுற்றும்போது விளக்கை எரிக்கிறது, மோட்டாரைச் சுழற்றுகிறது. மறுபக்கத்தில் இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. சுடர் கிடையாது, புகை கிடையாது. அக்னி பகவான் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிற தீயாடியப்பர் கோயில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, தீ மூட்டாமலேயே எரிபொருளிலிருந்து சக்தியை வாங்கும் கருவியைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. வில்லியம் குரோவ் 1839-லேயே செய்து காட்டிய வித்தை இது. 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலம் எட்டு நாள் பூமியைச் சுற்றியபோது மின்சாரம் கொடுத்தது இந்த வகைச் சவ்வு செல்தான்.

ஒரு செல் வேலை செய்யும்போது தருவது 0.6, 0.7 வோல்ட் மட்டுமே. வண்டி ஓட வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டும். டொயோட்டா மிராய் காரின் இரண்டாம் தலைமுறையில் 330 செல்கள் அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கி, இறுக்கி, பூட்டியாகிவிட்டால் உள்ளே ஒரே இருட்டு. 60 முதல் 80 டிகிரி வரை சூடு, நீராவி, அமிலம். வெளியே நிற்கிறவருக்குத் தெரிவது வோல்ட்டும் ஆம்பியரும்தான். உள்ளே எந்த மூலை கொதிக்கிறது, எந்த மூலை காய்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது? தெரியாது. அந்த இருட்டுக்குள் ஆள் அனுப்பும் கதைதான் இது. அனுப்பப்படுகிற ஆளின் கனமோ, தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை!

ஆளைக் காட்டுவதற்கு முன் மாணவர் சவ்வைக் காட்டினார். கறுப்புப் பூச்சு படாத ஓரத்தில் ஒரு கீற்று கத்தரித்து என் கையில் வைத்தார். கண்ணாடித் தாள் மாதிரி மொடமொடவென்றிருந்தது. செம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் அதன்மேல் விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நெளிந்தது, நடுவில் மேடிட்டது, ஓரம் சுருண்டது! நாஃபியான் என்று பெயர். 1960-களில் டூபான்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் உருவாக்கியது. டெஃப்லான் சங்கிலியில் சல்ஃபோனிக் அமிலக் கிளைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தக் கிளைகள் தண்ணீரை விரும்பி இழுத்து வைத்துக்கொள்ளும். சவ்வுக்குள் தண்ணீர் இருக்கிறவரை புரோட்டான் தடையில்லாமல் ஓடும். காய்ந்தால் பாதை அடைபடும், மின்தடை ஏறும், அந்த இடம் சூடாகும், சூடானதால் இன்னும் காயும். அப்படியே போனால் கடைசியில் ஊசிமுனைத் துளை விழும். துளை விழுந்தால் ஹைட்ரஜனும் காற்றும் நேருக்கு நேர் சந்தித்துவிடும். செல்லின் கதை அதோடு முடிந்தது.

"அப்ப தண்ணிய நல்லாக் கட்டிவுட வேண்டியதுதான?" என்றார் அப்பா.

"கட்டுனாலும் கெட்டுச்சுப்பா. செல்லே தண்ணியத் தயார் பண்ணிக்கிட்டே இருக்கு. அதிகமாப் போனா வாய்க்கால் அடைச்சுக்கும், அந்தத் தாள்ல இருக்குற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். காத்து உள்ள போகாது. பட்டுனு வோல்டேஜ் விழுந்துரும்."

பெரியவர் ஒரு கணம் யோசித்தார். "அப்ப இதுவும் காய்ச்சலும் பாய்ச்சலுந்தான்."

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. இதைவிடக் கச்சிதமாக யாரும் சொல்லிவிட முடியாது! நெல் வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், மண்ணில் மயிரிழை வெடிப்பு விடுகிறவரை காயவிட்டு, பிறகு பாய்ச்சுகிற முறை டெல்டாவுக்கு அத்துப்படி. அந்தக் காய்ச்சல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அதற்காகத்தான் பக்கமெல்லாம் துளையிட்ட ஒரு அடி நீள பிவிசி குழாயை வயலில் பாதி புதைத்து வைக்கச் சொல்கிறார்கள். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கடியில் நீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 15 சென்டிமீட்டர் கீழே போனால் மடையைத் திறக்கலாம். பெரியவர் வயலிலும் ஒன்று நட்டிருக்கிறது. ஃபியூல் செல்லுக்குள் புதைக்கிற சென்சார் செய்வதும் இதே வேலைதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தலைகீழ் உண்டு. காவிரிப் பாசனத்தில் தலைமடைக்குத் தண்ணீர் முதலில் கிடைக்கும். வறண்டு நின்று ஏங்குவது கடைமடை. திருக்காட்டுப்பள்ளிக்கு வந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும் கதை நமக்குத் தெரியும். செல்லுக்குள் நேர்மாறு. ஈரம் குறைவாக உள்ளே வருகிற காற்று, வாசலருகே சவ்விலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, தலைமடை காய்கிறது. காற்று போகப் போக, வினையில் பிறக்கும் தண்ணீரெல்லாம் அதில் சேர்ந்துகொண்டே வருகிறது, கடைமடையில் வெள்ளம். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிக்குள் ஒரு பக்கம் வறட்சி, மறுபக்கம் வெள்ளம்! வெளியே இருக்கும் வோல்ட்மீட்டரோ இரண்டையும் சேர்த்துக் கலந்து ஒரே எண்ணாகத்தான் சொல்லும். வோல்டேஜ் விழுந்தால், காய்ந்ததாலா முழுகியதாலா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஒன்றுக்கு மருந்து ஈரத்தைக் கூட்டுவது, மற்றதற்கு மருந்து காற்றை வேகமாக ஊதி நீரைத் தள்ளுவது. மருந்து மாறினால் நோய் முற்றிவிடும்.

இப்போது ஆள் வருகிறார்!

மாணவர் ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்து, இடுக்கியால் ஒரு கீற்றை எடுத்தார். பழுப்பு மஞ்சள் நிறம், ஊடே பார்த்தால் தெரு தெரிகிறது. பாலிமைடு படலம். அதன் நுனியில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில், ஏதோ மினுக்கியது. பூதக்கண்ணாடியை வைத்தேன். அடேயப்பா! பொன் இழை! இங்கும் அங்குமாக நெருக்கி நெருக்கி மடித்துப் போட்ட ஒரே இழை. அதிலிருந்து இரண்டு பொன் கோடுகள் கீற்றின் மறுமுனைவரை ஓடி, அகலமாகி, கம்பி சேர்க்கும் இடத்தில் முடிந்தன.

"இது டெம்பரேச்சர் சென்சார்ணே. தங்கம் சூடாச்சுன்னா அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும். எவ்வளவு ஏறுதுன்னு பாத்தா எவ்வளவு சூடுன்னு சொல்லிடலாம்." மல்ட்டிமீட்டரின் முனைகளைப் பொருத்தினார். திரையில் 112.4 ஓம். அந்த நேரம் பார்த்து காபி வந்தது. மாணவர் கீற்றின் நுனியைச் சூடான டம்ளரின் அடியில் ஒட்டினார். 114. 117. 119.8. எண்கள் ஏறுகிற வேகத்தைப் பார்த்து நான் கத்தியேவிட்டேன். எடுத்ததும், மூச்சு விடுவதற்குள், விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டது. இழையின் கனம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) சிறு பங்குதான்; சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ள அதற்கு உடம்பே இல்லை. அதனால்தான் இந்த வேகம். ஆய்வுக்கூடத்தில் பிளாட்டினத்தில் இதே சென்சார் செய்வார்கள். 0 டிகிரியில் 100 ஓம் இருக்கிற பிளாட்டினக் கம்பி 100 டிகிரியில் 138.5 ஓம் காட்டும் என்பது உலகமே ஒத்துக்கொண்ட அளவு.

இழை எப்படி இவ்வளவு நுணுக்கமாக வந்தது? அது நடக்கிற அறை ஒரு தனி உலகம். தூசி புகாத அறை, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, அறை முழுக்க மஞ்சள் விளக்கு. நீல வெளிச்சமும் புற ஊதாவும் பட்டால் ஒளியுணர் பூச்சு கெட்டுவிடும் என்பதால் மஞ்சள். படலத்தின் மேல் அந்தப் பூச்சைச் சொட்டவிட்டு வேகமாகச் சுழற்றினால் எங்கும் ஒரே கனத்தில் பரவிக்கொள்ளும். இழையின் வடிவம் வரைந்த கண்ணாடியை மேலே வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். கழுவினால் இழை வர வேண்டிய இடம் மட்டும் திறந்துகொள்ளும். பிறகு வெற்றிடத்தில் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைப்பார்கள். தங்கம் நேராகப் பிடிக்காது என்பதால் அடியில் குரோமியம் ஒரு மெல்லிய ஒட்டு. மிச்சப் பூச்சைக் கரைத்துக் கழுவிவிட்டால், வேண்டாத தங்கமெல்லாம் அதோடு போய், இழை மட்டும் நிற்கும். கணினிச் சில்லு செய்கிற அதே கலை!

இந்தக் கலையை ஃபியூல் செல்லுக்குள் கொண்டுபோனவர்களில் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹீ, மென்ச், ஸ்ரீநிவாஸ் தடிகடபா ஆகிய மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாரிலீன் என்ற பிளாஸ்டிக் படலத்துக்குள் தங்க இழை வைத்து, மொத்தமே 16 மைக்ரான் கனத்தில் வெப்ப சென்சார் செய்து, இரண்டு சவ்வுகளுக்கு நடுவே படுக்கவைத்தார்கள். சவ்வுக்குப் பக்கத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். சவ்வின் வயிற்றுக்குள்ளேயே! தைவானின் யுவான் ஸே பல்கலைக்கழகத்தில் லீ சி-யுவானும் அவர் குழுவும் பல ஆண்டுகளாக இதே வேலையாக இருக்கிறார்கள். வெப்பம், ஈரம், வாயு ஓட்டம், அழுத்தம், மின்னழுத்தம், மின்னோட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரே வளையும் படலத்தில் பல சென்சார்களைக் குடிவைத்துவிட்டார்கள்.

ஈர சென்சார் இன்னொரு அழகு. இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்த மாதிரி, ஆனால் தொடாமல், இரண்டு பொன் கோடுகள். மேலே ஈரம் குடிக்கும் ஒரு பாலிமைடு பூச்சு. மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கிற திறனை அளக்கும் கணக்கில் உலர்ந்த பிளாஸ்டிக்குக்கு மூன்று மதிப்பெண் என்றால் தண்ணீருக்கு எண்பது. ஆகவே பூச்சுக்குள் நுழைகிற ஒவ்வொரு துளி நீராவியும் அளவை உயர்த்திக் காட்டிக்கொடுத்துவிடும்.

தங்கம்கூட வேண்டாம், வெளிச்சமே போதும் என்று போனவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஒளியிழையைச் செல்லுக்குள் விட்டார்கள். நம் வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவருகிற அதே வகைக் கண்ணாடி இழை, 125 மைக்ரான் தடிமன். அதன் நடுவே சில மில்லிமீட்டர் நீளத்துக்கு, ஒளி ஓடும் பாதையிலேயே, சீரான இடைவெளியில் வரிகள் பதித்திருப்பார்கள். பிராக் கிரேட்டிங் என்று பெயர். கென்னத் ஹில் 1978-ல் கண்டறிந்ததும் அதே கனடாவில்தான். இழைக்குள் ஒளியை அனுப்பினால் அந்த வரிகள் ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். சூடு ஏறினால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மாறி, வரிகளின் இடைவெளியும் சற்றே விரிந்து, திரும்பி வரும் அலைநீளம் நகரும். 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் நகர்வு. இழையின் மேல் பாலிமைடு பூசிவிட்டால், ஈரம் குடித்துப் பூச்சு உப்பும், உப்பும்போது இழையை இழுக்கும், அப்போதும் அலைநீளம் நகரும். ஒரே கண்ணாடி இழை வெப்பத்தையும் சொல்கிறது, ஈரத்தையும் சொல்கிறது! உள்ளே ஓடுகிற மின்சாரம் அதைத் தொந்தரவு செய்யாது, அமிலம் அரிக்காது. எனக்கு ஒரு சென்சாரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

உள்ளே இருப்பதை வெளியிலிருந்தே படம் பிடிக்கவும் முடியும். நியூட்ரான் கற்றை அலுமினியத்தை எளிதாக ஊடுருவிவிடும், தண்ணீரில் மட்டும் தடுக்கப்படும்; அதனால் செல்லுக்குள் தேங்கிய நீர் நிழலாகத் தெரியும். அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வு நிலையத்தில் இப்படி எடுத்த படங்களைப் பார்த்தால் கண் விரியும். ஆனால் அதற்கு அணு உலை வேண்டும். ஓடுகிற பேருந்தில் அணு உலையை வைக்க முடியாது. கூடவே போகிற கண் என்றால் அது புதைந்த சென்சார்தான்.

புதைப்பதுதான் படாத பாடு. "சென்சார் செய்யறது பாதி வேலைண்ணே. உள்ள வெச்சுட்டு ஹைட்ரஜன் கசியாம மூடுறதுதான் மீதி" என்று மாணவர் ரப்பர் கேஸ்கெட்டைத் தூக்கிக் காட்டினார். கீற்று வெளியே வரும் இடத்தில் கேஸ்கெட் மயிரிழை தூக்கினாலும் ஹைட்ரஜன் ஓடிவிடும். இருப்பதிலேயே மிகச் சிறிய மூலக்கூறு அது. போல்ட்டை இறுக்கும்போது தங்க இழையும் நசுங்கி இழுபட்டு, சூடே ஏறாமல் ரெசிஸ்டன்ஸ் மாறிவிடும். அதனால் மூடி இறுக்கிய பிறகு, தெரிந்த வெப்பநிலைகளில் வைத்து மறுபடியும் அளவு சரிபார்க்க வேண்டும். எதில் செய்தோம் என்பதும் முக்கியம். இரும்போ செம்போ கரைந்து சவ்வுக்குள் போனால் அமிலக் கிளைகளில் போய் உட்கார்ந்துகொண்டு புரோட்டானை மறிக்கும். இரும்பு அதோடு நிற்காமல் சவ்வையே அரிக்கிற வினையைத் தூண்டிவிடும். வேவு பார்க்கப் போனவரே வீட்டுக்கு விஷம் வைத்த கதையாகிவிடும். தங்கம், பிளாட்டினம் என்று விலையைப் பார்க்காமல் போவதற்குக் காரணம் ஆடம்பரம் இல்லை, செல்லின் உயிர். இன்னொன்று: கீற்று படுத்திருக்கிற இடத்தில் வாயு போகாது. ஆகவே பார்க்க வந்தவர் பார்க்கப்படுவதைக் கெடுக்காத அளவுக்குச் சிறியவராக இருந்தே ஆக வேண்டும்.

சரி, உள்ளே போனவர்கள் என்ன பார்த்தார்கள்? செல் ஏறக்குறைய பாதி சக்தியை மின்சாரமாகவும் மறுபாதியைச் சூடாகவும் தருகிறது. அந்தச் சூடு பிறப்பது மெல்லிய பூச்சுக்குள். வெளித்தகட்டில் ஒட்டிய வெப்பமானி நிம்மதியான ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போது சவ்வு அதைவிடச் சூடாக இருப்பதைப் புதைந்த சென்சார்கள் காட்டின. வண்டியைத் திடீரென்று அழுத்தினால் ஏதாவது ஒரு செல்லுக்கு ஹைட்ரஜன் போதாமல் போகிறது. அப்போது அந்த செல் தலைகீழாகி, ஹைட்ரஜனுக்குப் பதில் தன் உடம்பிலுள்ள கரியையே தின்னத் தொடங்கும். அடுக்கில் ஒரு செல் இப்படிப் படுத்தால் மொத்த அடுக்கும் படுக்கும், ஏனென்றால் எல்லாம் தொடர் இணைப்பு. இந்த வியாதியெல்லாம் சில நொடிகளில் வந்து போய்விடும். தழும்பு மட்டும் நிரந்தரம். அந்த நொடியில் உள்ளே ஆள் இருந்தால்தான் பார்க்க முடியும்.

பார்த்தால் என்ன லாபம்? ஆயுள். காருக்கு 8,000 மணி நேரம், பேருந்துக்கு 25,000 மணி நேரம் ஃபியூல் செல் உழைக்க வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை இலக்கு வைத்திருக்கிறது. டொயோட்டா முதல் மிராயிலேயே, சவ்வின் மின்தடையை அளந்து ஈரத்தைக் கணித்து, தனியாக ஈரப்பதம் ஏற்றும் கருவியையே காரிலிருந்து எடுத்துவிட்டது. உள்ளே நடப்பதை அறிந்தவர்களுக்கு ஒரு பெட்டியே மிச்சமாகிவிட்டது, பாருங்கள்!

நம் பக்கம் வருவோம், இங்குதான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாகப் போனால் காரைக்குடி. அங்கே சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பைச் சேர்ந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ல், பொங்கல் வேளையில், ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். புனே, டெல்லி ஆய்வகங்களோடும் தெர்மாக்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து இந்த நிலையம் பங்கெடுத்த 5 கிலோவாட் ஃபியூல் செல் அமைப்பை 2019 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் வெளியிட்டார். சென்னை தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு நிறுவனத்தின் ஃபியூல் செல் மையம் இருக்கிறது. தகட்டிலிருந்து அடுக்கு வரை சொந்தமாகச் செய்து பழகியவர்கள்.

2024 ஜனவரி 1-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட், எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை விட்டுவிட்டு, தன் கடைசிக் கட்டத்தையே சோதனைக்கூடமாக்கிச் சுற்றியது. அதில் ஒரு ஃபியூல் செல்! 100 வாட் வகை. விண்வெளியில் 180 வாட் கொடுத்தது. 350 கிலோமீட்டர் உயரத்தில் யார் போய் போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது? பூமிக்கு வந்துசேர்ந்தது அளவீடுகள்தான். அவற்றுக்காகத்தான் அந்தச் சோதனையே. பிறகு 2024 பிப்ரவரி 28-ல் தூத்துக்குடி விழாவில், கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் ஃபியூல் செல் படகு தொடங்கிவைக்கப்பட்டது. 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில்பெட்டி சோதனையில் தேறியது. ரயிலின் மொத்தத் திறன் 2,400 கிலோவாட்.

படகு, ரயில், விண்கலம் மூன்றும் செய்தியாயின. படம் வந்தது, கொடி அசைத்தார்கள். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன சென்சார், எத்தனை இடத்தில், யார் செய்தது என்று கேட்டு நான் ஒரு செய்தியும் படித்ததில்லை. கேட்டிருக்க வேண்டும். கிலோவாட் கணக்கு முதல் நாள் விழாவுக்குப் போதும். ஐந்தாம் ஆண்டில் அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்குமா என்பதை முடிவு செய்வது சவ்வின் ஈரம். அந்த ஈரத்தைச் சொல்வது ஒரு பொன் இழை. சவ்வை இன்று இறக்குமதி செய்தாலும், சென்சார்களை இங்கேயே செய்கிற திறமையை வளர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடையாது. இதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டாம். ஒரு சிறிய சுத்த அறையும், பொறுமையான விரல்களும், நல்ல கண்ணும் வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருச்சிவரை சாலையோரம் எத்தனை பொறியியல் கல்லூரிகள்! எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடையில் வாங்குவதை விட்டுவிட்டு, பாலிமைடு படலத்தில் ஒரு வெப்ப சென்சார் செய்து, அதை ஒரு சிறிய செல்லில் புதைத்துப் பார்க்கட்டும். முதல் பத்து கசியும். பதினொன்றாவது பேசும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் தெரிந்த பூமி இது. ஈரத்தை விரலால் தொட்டு அளந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மைக்ரானில் அளக்க வரும்போது, அவர்களுக்கு அந்தப் பாடம் புதிதாக இருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். செப்டம்பர் 26, சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டிக் காரைக்குடி நிலையம் பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் கதவைத் திறந்துவிடுவது வழக்கம். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, டெல்டா மாவட்டப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். போகிறவர்கள் ஃபியூல் செல் வைத்திருக்கிற மேசைக்கு முன் நின்று, "இது எவ்வளவு மின்சாரம் தரும்?" என்பதோடு நிறுத்தாமல், "உள்ளே என்ன நடக்கிறதென்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.